கோவா அகுவாடா கோட்டையின் பழைய கலங்கரை விளக்கம் இப்போது எரிவதில்லை, மேலே ஏறவும் முடியாதாம். அதைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கோபுரத்தை மட்டும் பார்க்க என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. முதல் தடவை போனபோது நான் எட்டே நிமிடத்தில் திரும்பியவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அது ஒரு டிசம்பர் மதியம். டாக்சிக்காரர் இந்தியில் "பீஸ் மினிட்", அதாவது இருபது நிமிடம், என்று சொல்லி இறக்கிவிட்டார். உள்ளே பரந்த முற்றம், தரையும் மதிலும் செம்புராங்கல், தலைக்கு மேல் வெயில். ஒரு பக்கமாக வெள்ளையடித்த கோபுரம். லைட் ஹவுஸ் என்றால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அது பெரிய ஏமாற்றம். நாலு அடுக்கு, 13 மீட்டர் உயரம், அவ்வளவுதான். குட்டையும் தடியுமாக, உரலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. கதவில் பூட்டு. அந்தப் பூட்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று மனைவி கேட்பதற்கு முன்பே வண்டியில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு கேட்டாள்.

இரண்டாவது தடவை போனது ஒரு ஜூலையில். மனைவியின் அண்ணன் உடன் வந்திருந்தார். விசைப்படகில் பதினைந்து வருஷம் டிரைவராக ஓட்டியவர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் கோபுரத்தைக் காட்டி, "மச்சான், 1864-ல கட்டினது" என்று வழிகாட்டி வேலையை ஆரம்பித்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஆற்றுப் பக்கத்து மதிலுக்குப் போய்க் கையூன்றி நின்றார். "மாப்ள, இங்க வாங்க. வாயப் பாருங்க."

யார் வாயை என்று ஒரு நொடி விளங்கவில்லை. ஆற்றின் வாயைச் சொல்கிறார். மாண்டோவி கடலில் விழும் முகத்துவாரம் கீழே அகன்று கிடந்தது. நாங்கள் நின்றது வடக்குக் கரை. எதிரே ஆளுநர் மாளிகை இருக்கும் காபோ முனை. நடுவில், கரையை விட்டு வெகுதூரம் தள்ளி, தண்ணீருக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல அலை உடைந்துகொண்டிருந்தது. அங்கே பாறை இல்லை, திட்டு எதுவும் வெளியே தெரியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் அலை சரியாக அந்த இடத்தில் முதுகை உயர்த்தி, உடைந்து, நுரையாகச் சரிகிறது. அதைத் தாண்டி உள்ளே வந்தால் மறுபடியும் பழுப்பாக, தட்டையாக ஆற்றுத் தண்ணீர்.

"அடியில மணல் மேடு கெடக்கு. இந்தக் காத்துல போட்ட உள்ள கொண்டாந்தா மணல்ல குத்திரும். அடுத்த அலையில கவுந்துரும்" என்றார் மச்சான். ஏழு அலை எண்ணினார், தலையை ஆட்டினார், மறுபடி எண்ணினார். மழை வலுத்தும் அவர் நகரவில்லை. எனக்குத்தான் குடை இல்லை.

அகுவாடா மணல் திட்டு என்று கடலோடிகளிடம் பெயர் எடுத்த இடம் அது. ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. கடலைத் தொட்டதும் அதன் வேகம் செத்துவிடும், சுமை கீழே இறங்கும். இறங்கியதை அலை திரும்ப உள்ளே தள்ளும். இப்படி இரண்டும் மல்லுக்கட்டும் இடத்தில் மணல் குவிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பெரிய அலைகள் அந்த ஆழமற்ற இடத்தில் உடைய ஆரம்பித்தால் வாய் அடைத்த மாதிரிதான். இரும்புத் தாது ஏற்றிய பார்ஜ்கள் (தட்டையான சரக்குப் படகுகள்) அந்த மாதங்களில் இந்த வழியாகக் கடலுக்கு வராமல், உள்ளுக்குள்ளேயே கும்பர்ஜுவா கால்வாய் வழியாகச் சுவாரி ஆற்றுக்குப் போய் மர்மகோவா துறைமுகத்தை அடையும். சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தால், 2017 ஜூலையில் ஒரு சூதாட்டக் கப்பலை மாண்டோவிக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அது மிராமார் கடற்கரைக்கு எதிரே மணலில் தட்டி நின்றது. ஜிபிஎஸ் எல்லாம் உள்ள காலத்தில் நடந்தது இது. எண்ணெய் விளக்கு மட்டுமே இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்குத்தான் கோபுரம் ஏன் அங்கே நிற்கிறது என்பதே எனக்கு உறைத்தது. நடுக்கடல் பாறையிலும் முனைகளிலும் இருக்கும் விளக்குகளின் வேலை பெரும்பாலும் விரட்டுவது: கிட்டே வராதே, உடைந்துபோவாய். ஆற்று வாயில் இருக்கும் விளக்கு கூப்பிடுகிற விளக்கு. நம் மொழியில் இருக்கும் பெயரே அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. கலங்கரை என்பதில் உள்ள 'கரை' கடற்கரை அல்ல. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல், அதாவது அழைத்தல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு.

ஆனால் அழைத்ததோடு அதன் வேலை முடிந்தது. மணல் திட்டு வருஷா வருஷம் இடம் மாறும். கோபுரம் மாற முடியாது. வாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டும், அந்த வாய்க்குள் ஆழமான தடம் எங்கே என்று காட்டாது. அதற்கு மிதவையும், தண்ணீர் தெரிந்த உள்ளூர் ஆளும், ஏற்றத் தண்ணீரும் வேண்டும். கடலின் ஏற்ற வற்றம் மாண்டோவியில் சுமார் 50 கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் தெரியும் என்றால், வாயில் அதன் இழுப்பு எப்படி இருக்கும்! இரவில் விளக்கைக் கண்டு வந்து சேர்ந்த கப்பல் விடியும்வரை, தண்ணீர் ஏறும்வரை வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மதிலில் நின்று கடல் பக்கம் பார்த்தால் அந்தக் காத்திருப்பு எந்த இடத்தில் நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கோபுரம் ஏன் குட்டை என்பதற்கும் அங்கே நின்றால் பதில் கிடைக்கிறது. 13 மீட்டர் கோபுரத்தைக் கடற்கரை மணலில் நட்டிருந்தால், உச்சியிலிருந்து தொடுவானம் 13 கிலோமீட்டர்தான். அதையே குன்றின் மேல் ஏற்றி, மொத்தம் 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 32 கிலோமீட்டர். உயரத்தைக் குன்று கொடுத்துவிட்டது, கொத்தனாருக்கு வேலை மிச்சம். முதல் தடவை நான் கோபுரத்தை முற்றத்திலிருந்து அளந்தது தப்பு, கடலிலிருந்து அளந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு விஷயம். 'ஆசியாவிலேயே பழமையான கலங்கரை விளக்கம்' என்று இதைப் பற்றி எழுதுகிற பாதிப்பேர் எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். புதுச்சேரியின் பழைய விளக்கம் 1836-இல் ஏற்றப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண் 1844-இல் விளக்குத் தாங்கியது. இரண்டும் இதற்கு மூத்தவை. இல்லாத பட்டம் எதற்கு? இந்தக் கோபுரம் 1864-லிருந்து 1976 வரை, நூறு வருஷத்துக்கு மேல், ஒரு கஷ்டமான ஆற்று வாய்க்குக் காவல் நின்றிருக்கிறது. அது போதாதா? 1976-இல் அது ஓய்வு பெற்றதற்குக் காரணம் விளக்கின் தேவை தீர்ந்துபோனது அல்ல. பக்கத்திலேயே புதிய விளக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோட்டைக்கு வெளியே அது இன்றும் எரிகிறது.

முற்றத்தில் நடக்கும்போது இன்னொன்றைத் தவற விடாதீர்கள். உங்கள் காலடியில்தான் தொட்டி. பதினாறு தூண்கள் தாங்கும் நிலத்தடித் தொட்டி, கிட்டத்தட்ட 24 லட்சம் காலன் கொள்ளும். போர்த்துகீசிய மொழியில் 'அகுவா' என்றால் தண்ணீர். கோட்டைப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். டச்சுக்காரர்களுக்குப் பயந்து போர்த்துகீசியர்கள் 1612-இல் கட்டி முடித்த கோட்டை என்றாலும், மாதக்கணக்கில் உப்புக் காற்றைத் தின்று வந்த மாலுமிக்குப் பீரங்கியை விட இந்த நல்ல தண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பது என் கட்சி. முதல் தடவை அந்தத் தொட்டியின் மேலேயே நின்று, "இங்க என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

கோட்டைக்கு ஒரு மணியும் இருந்தது. பழைய கோவாவில் இடிந்துபோன அகஸ்டின் துறவிகள் மடத்தின் பெரிய மணி, கொஞ்ச காலம் அகுவாடாவில் இருந்துவிட்டு, 1871-இல் பணஜி அமலோற்பவ மாதா கோயிலுக்குப் போனது. அந்தக் கோயிலின் நெற்றியில், நடுவில் தொங்குகிறதே, அதுதான். மறுநாள் பணஜியில் படிக்கட்டு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் கூப்பிட்டு அலுத்துப் போனார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கோட்டை இரண்டு துண்டு. விளக்கம் இருப்பது மேலே. கீழே தண்ணீரோரம் உள்ள பகுதி வெகுகாலம் சிறைச்சாலையாக இருந்தது, போர்த்துகல் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில் கோவா விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்த இடம். 2021 டிசம்பரில் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மேலே பார்த்துவிட்டு முடிந்தது என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். கீழேயும் போங்கள். அங்கே ஆறு கையெட்டும் தூரத்தில் இருக்கும், மேலே கோடாகத் தெரிந்த அலையின் சத்தம் கீழே காதில் விழும்.

நேரம் என்றால் மாலை. மதியம் போய் நான் பட்டது போதும். முடிந்தால் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் வற்றி வெளியே ஓடும் வேளையில் மதிலில் நில்லுங்கள். ஆறும் அலையும் எதிரெதிராக மோதும்போது அந்த வெள்ளைக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் கடல் சமர்த்தாக இருக்கும். அந்தக் கோடு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும், சில நாள் ஒன்றுமே தெரியாது. ஜூலையில் தேட வேண்டியதில்லை. ஆனால் ஈரச் செம்புராங்கல் எண்ணெய் தடவியது போல வழுக்கும், மதிலின் மேல் குழந்தைகளை ஏற்றி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், மறுபுறம் அகழி.

வெள்ளைச் சட்டையும் வேண்டாம். அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி மதிலில் சாய்ந்து நின்றேன். முதுகில் ஒட்டிய துருநிறம் நாலு துவையல் ஆகியும் போகவில்லை.