ஆறாவது மாடி மட்டும் ஏன் ஆடியது?

கேள்வி: 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்தபோது எங்கள் ஆறாவது மாடியில் மின்விசிறி ஆடியது, கீழே வாட்ச்மேனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏன்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அது 8.6 அளவு நிலநடுக்கம். அவ்வளவு தூரம் வருவதற்குள் படபடவென்ற வேகமான அதிர்வுகள் அடங்கிவிடும், மெதுவாக அசையும் நீண்ட அலைகள்தான் சென்னையைத் தொடும், அவை உயரமான கட்டடங்களைத்தான் ஊஞ்சல் மாதிரி ஆட்டும். எனக்குக் கவலை பக்கத்தில் வருவதுதான். 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அருகே கடலடியில் வந்ததைச் சென்னையிலும் உணர்ந்தோம். 2002-இல் நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். உங்கள் வேளச்சேரிப் பக்கம் இருக்கிற மாதிரியான சதுப்பு மண், ஏரி மண் அதிர்வைப் பெருக்கும். அப்புறம், கீழே சுவரே இல்லாமல் தூண்களில் நிற்கும் கார் பார்க்கிங் உங்கள் கட்டடத்தில் இருந்தால், அதிர்வில் அந்தத் தளம்தான் பலவீனம் என்பதால், ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் அவசியம் காட்டிவிடுங்கள்.