விண்டோஸ் மாற்றினால் லைசென்ஸ் போய்விடுமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்கிறேன். 2020-இல் கடைக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. ஜிஎஸ்டி பில் எல்லாம் டேலியில்தான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட வேண்டும், புது லைசென்ஸுக்குத் தனியாக ரூ.4,500 ஆகும், டேலி லைசென்ஸ் போனால் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்பது உண்மை. புது லைசென்ஸ் வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

முதலில் உங்கள் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். அசெம்பிள் செய்து வாங்கியதென்றால், மதர்போர்டு முதல் மவுஸ் வரை எழுதியிருப்பார்கள்; பெரும்பாலும் விண்டோஸ் என்ற வரியே இருக்காது. அப்படியானால் காப்பாற்றுவதற்கு உங்களிடம் லைசென்ஸே இல்லை, அது வேறு கதை. பில் இல்லையா? செட்டிங்ஸில் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் இருக்கிறதா என்பதும், உங்கள் விண்டோஸ் ஹோம் வகையா, புரோ வகையா என்பதும் தெரியும்.

அந்த லைசென்ஸ் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இல்லை. மதர்போர்டின் அடையாளத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகியிருக்கிறது. டிஸ்கைத் துடைத்துவிட்டு அதே ஹோம் அல்லது புரோ வகையைப் போட்டு, கீ (லைசென்ஸ் எண்) கேட்கும் இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டிப் போனாலும், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் இருந்த இடத்தில் புரோவைப் போட்டால்தான் தகராறு. கடைக்காரர் அவசரத்தில் கையில் இருக்கிற பென் டிரைவில் உள்ளதைப் போட்டுவிடுவதும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட்டே தேவையில்லை என்பது அடுத்த சங்கதி. 2020 மாடல் என்பதால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வாய்ப்பு அதிகம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். தேறினால் விண்டோஸ் அப்டேட் வழியாகவே, காசில்லாமல் 11-க்குப் போகலாம். கோப்புகளும் புரோகிராம்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விண்டோஸை மாற்றுவதற்கு முன் டேலியைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பதுபோல, டேலி பிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போய் ‘சரண்டர்’ கொடுங்கள். இதற்கு இணையம் வேண்டும். லைசென்ஸ் வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த மின்னஞ்சல் என்றோ வேலையை விட்டுப்போன கணக்குப் பிள்ளையுடையதாக இருக்கும்! அதை இன்றைக்கே சரிபாருங்கள். கம்பெனி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதைத் திறந்தும் பாருங்கள். புது விண்டோஸில் டேலியைத் திறந்து (ஃபார்மேட் செய்திருந்தால் மறுபடி நிறுவி), அதே மின்னஞ்சலால் ரீஆக்டிவேட் செய்தால் பழைய சீரியல் எண்ணே திரும்ப வந்துவிடும்.

இதற்குள் பணம் கொடுத்திருந்தால் பில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். மின்னல் வெட்டி மதர்போர்டு போய்விட்டது. வேறு போர்டு போட்டபின் விண்டோஸ் 11 ஆக்டிவேட் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: விண்டோஸைத் தனியாக, ரீடெய்லாக வாங்கியிருந்தால் புது போர்டுக்கும் செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் அதில் உள்நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரை ஓட்டி, ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால், அது அந்தப் பழைய போர்டோடு சேர்ந்தது. வாரண்டி நாட்களுக்குள் கம்பெனியே போர்டை மாற்றித் தந்திருந்தால் மட்டும் அவர்களிடம் கேளுங்கள். ஆக்டிவேட் செய்து தருவது அவர்கள் வேலை.