மீன் ஏன் கறுக்கிறது?

கேள்வி: புதுச்சேரி பெரிய மார்க்கெட் மீன் கடைகளையும் பிரெஞ்சுத் தெருக்களையும் வாட்டர்கலரில் வரைகிறேன். மீன் சாம்பல் கட்டியாகிறது. மஞ்சள் சுவரின் நிழல் பச்சையடிக்கிறது. சமையல் மஞ்சளையே வண்ணமாகப் பூசலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: மீனின் பளபளப்புக்கு வெள்ளி வண்ணம் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். வஞ்சிரம் என்றால் முதுகில் மட்டும் கருநீலம். அது ஈரமாக இருக்கும்போதே சுத்தத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. வயிற்றைத் தொடாதீர்கள். உடல் வரிகளைக் காய்ந்த பிறகு போடுங்கள். கண்ணில் கடுகளவு வெள்ளை விட்டால்தான் மீன் புதிதாகத் தெரியும். அதை மறந்தால் நேற்றைய மீன்தான்!

கட்டியாவதற்குக் காரணம் அவசரம். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், பூச்சு மெல்லத்தான் காயும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருக்கட்டும், மெல்லியது சுருங்கி வண்ணம் குட்டையாகத் தேங்கும்.

மஞ்சள் வண்ணத்தில் கறுப்பைக் கலந்தால் பச்சைதான் வரும். நிழலுக்குத் துளி ஊதா கலங்கள்.

சமையல் மஞ்சளா? வரைந்த அன்று கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். பிசின் கலக்காவிட்டால் பொடியாக உதிரும். மூடி வைக்கும் நோட்டில் விளையாடலாம்; சுவரில் மாட்டும் படத்துக்குக் கடை வண்ணமே சரி.