கதைக்குள் வந்த சங்கிலி

கேள்வி: திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். கணவர் கட்டாரில். மகளுக்கு 16 வயது, ஏ.எல். (உயர்தர) வகுப்பு தொடங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து வயலின் படிக்கிறாள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் வரை பாஸ். போன கிழமை அவளுடைய மெத்தைக்குக் கீழே ஒரு சீ.ஆர். கொப்பி கிடைத்தது. முழுக்கக் கதை. திருகோணமலைப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து பாண்ட் நடத்துகிறார்களாம். வயலின் வாசிக்கும் பெண்ணும் கிண்ணியாவிலிருந்து வரும் கீபோட் பையனும் இரவில் போனில் கதைக்கிறார்கள். அவள் ரியூசன் என்று தாய்க்குப் பொய் சொல்லிவிட்டு நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு முன்னால் வாசிக்கிறாள். அந்தக் காசில் அம்மாவின் சங்கிலியை மீட்கப் போகிறாளாம். வயலின் வாங்க நான் சங்கிலியை அடகு வைத்தது உண்மைதான். அதை அவளுக்குச் சொன்னதே இல்லை. வீட்டு விசயமெல்லாம் இப்படி எழுதினால் ஊர் என்ன சொல்லும்? ஒரு பையனோடு தொடர்பு இருக்குமோ என்றும் பயம். கொப்பியை எரித்துவிடவா? வயலினை நிறுத்தவா?

பதில்: தங்கச்சி, நீங்கள் எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைப் பக்கம் கீபோட் பையனைப் பற்றி. சங்கிலிக்கு மூன்று வரி. மெத்தைக்குக் கீழே கொப்பி கிடைத்தது, போனில் யாரோ பேசினார்கள் என்று அம்மாமார் எழுதும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. எல்லோரும் பையனைத்தான் தேடுகிறார்கள். நீங்களும் அப்படித் தேடித்தான் வாசித்திருக்கிறீர்கள், அதனால் உங்கள் பிள்ளை உங்களைப் பற்றி எழுதியது கண்ணில் படவில்லை.

அந்தப் பெண் ஏன் ஹோட்டலுக்குப் போகிறாள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சங்கிலியை மீட்க. நீங்கள் சொல்லாமலே உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கலியாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோடு போயிருப்பீர்கள். வட்டி கட்டும் தேதியில் கட்டாருக்கு எடுத்த கோல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். எந்த நாளில் தெரிந்ததோ, அன்றிலிருந்து அவள் வில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உங்கள் வெறுங்கழுத்து நினைவில் நின்றிருக்கும். அந்தப் பாரத்தை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் கொப்பியில் இறக்கி வைத்திருக்கிறாள். அதை எரிக்கலாமா என்று கேட்கிறீர்கள்!

பதின்ம வயதுப் பிள்ளைகள் பாண்ட் தொடங்கும் கதைகள் ஆங்கிலத்தில் அலுமாரி அலுமாரியாக இருக்கின்றன. தமிழில் அந்த வயதுக்கென்று எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் கதைகளில் நான் அடிக்கடி பார்ப்பது, தாய் தகப்பனை முதல் அத்தியாயத்திலேயே ஓரங்கட்டிவிடுவதை. செத்திருப்பார்கள், பிரிந்திருப்பார்கள், இல்லாவிட்டால் இசையை வெறுக்கும் கொடியவர்களாக இருப்பார்கள். அப்போதுதான் பிள்ளைகள் இஷ்டத்துக்குத் திரியலாம். உங்கள் மகளோ தாயை நடுவில் உட்காரவைத்து, அந்தத் தாயின் கடனைச் சுற்றியே முழுக்கதையையும் கட்டியிருக்கிறாள். எத்தனை பேருக்கு அப்படி எழுத வரும்?

அப்புறம் அந்த இரவுப் பேச்சு. கடிதத்தோடு அனுப்பிய பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தப் பையன் கேட்கிறான்: “உன்ர சுருதி எத்தனை கட்டை?” கட்டை என்பது சுருதியின் உயரம். வயலின்காரியோடு வாசிக்கப்போகிற எந்தக் கீபோட்காரனும் கேட்கவேண்டிய கேள்வி அது. அவள் தன் சுருதிக்குக் கம்பியை முறுக்கி வைத்திருப்பாள், அவன் அதற்கேற்பக் கீபோட்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்த வேண்டும். அதற்குக் கீழே, நீங்கள் கோடு போடாத வரிகளில், மற்ற மூவரும் நின்று வாசிக்க இவள் மட்டும் எங்கே உட்காருவது என்று தவிக்கிறாள். நம் பிள்ளைகள் பாயில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கப் பழகியவர்கள். மேடையில் நின்றால் அது நழுவும். சும்மா வானொலியில் பாட்டுக் கேட்கிற பிள்ளைக்கு இந்தத் தவிப்பு தெரியாது. வருசக்கணக்காகப் பாயில் இருந்து சாதகம் செய்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

அவளுக்கு யாரிலும் விருப்பம் இல்லை என்று நான் எழுதித் தரமாட்டேன். 16 வயதில் இருக்கலாம். இருந்தால் அதை உங்களிடம் சொல்லும் அளவுக்கு நீங்கள் அவளுக்கு நெருக்கமாக இருக்கிறீர்களா? அடகுச் சீட்டை அவளிடமிருந்து ஒளித்தவர் நீங்கள். வீட்டில் மறைக்கலாம் என்பதை அவள் அங்கேதான் படித்திருப்பாள்.

வயலினை நிறுத்துவதா? வேண்டாம். விபுலானந்த அடிகள் உங்கள் ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். பின்னர் பல வருசம் உழைத்து, பழந்தமிழ் இசையைப் பற்றிய யாழ் நூலை எழுதி 1947இல் அரங்கேற்றினார். இசையும் எழுத்தும் படிப்பைக் கெடுக்கும் என்று திருகோணமலையில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். கர்நாடக சங்கீதம் ஏ.எல். கலைப்பிரிவில் ஒரு பாடம். அதைப் பட்டப்படிப்பாகத் தொடர மட்டக்களப்பு கல்லடியில் அவர் பெயரிலேயே நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் கலைப் பீடம் இருக்கிறது. அவள் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் சிறுகதைக்கும் இடமுண்டு, அதையும் விசாரியுங்கள்.

ஒரு விசயத்தில் நான் மகள் பக்கம் இல்லை. வைகாசி தொடங்கி புரட்டாதி வரை நிலாவெளியில் சீசன். நாளைக்கு யாராவது கூப்பிட்டால், கதையில் வருகிறவள் போல இவளும் கிளம்பிவிடக்கூடும். பிள்ளை உழைத்துத் தாயின் நகையை மீட்பது சினிமாவுக்குச் சரி. வயலின் வாங்கிக் கொடுக்க முடிவெடுத்தது நீங்களும் உங்கள் கணவரும். கடனும் உங்களுடையது. படிக்கிற பிள்ளையின் தோளில் அதை ஏற்றிவிட்டு எந்தத் தாயும் நிம்மதியாக இருக்கக்கூடாது. நீங்கள் ஏற்றவில்லை என்பீர்கள். வாயைத் திறக்காமல் இருந்தே ஏற்றிவிட்டீர்கள்.

இந்தச் சனிக்கிழமை அடகுச் சீட்டை எடுத்து அவள் முன்னால் வையுங்கள். எத்தனை பவுண், எவ்வளவுக்கு வைத்தது, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, எப்போது மீட்கலாம், எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிக் காட்டுங்கள். வருசா வருசம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். 2022க்குப் பிறகு தங்கம் ஏறிய ஏற்றத்தில் அது ஏலத்துக்குப் போனால் திரும்ப வாங்க முடியாது, கணவரிடமும் அதை வெளிப்படையாகப் பேசி ஒரு மாதத்தைக் குறியுங்கள். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். கடன் தீர்கிற கணக்கு தெரிந்தால் அவள் தன் வேலையைப் பார்ப்பாள்.

கொப்பியை மெத்தைக்குக் கீழே திரும்பச் செருகாதீர்கள். கையில் கொடுத்து, வாசித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். தாய்க்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் வாசித்ததை ஒளித்து வைக்க உரிமையில்லை. கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். மூன்றாம் நாள், கதையில் அந்த அம்மாவுக்குச் சங்கிலி கிடைக்கிறதா என்று கேளுங்கள்.