கல்லும் கரையும்: மீன் தொட்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொட்டியில் வைக்கும் கற்களைப் பற்றியவை. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

கேள்வி: வணக்கம் சார். என் தொட்டி 60 லிட்டர். பத்து நியான் டெட்ரா ஏழெட்டு மாதமாக நன்றாக இருந்தன. போன மாதம் வெள்ளை வரி ஓடிய சாம்பல் நிறக் கற்கள் நான்கு வாங்கி வைத்தேன். அப்போது பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், இறங்கினால் அமிலம், ஏறினால் காரம்) 6.8. மூன்று வாரத்தில் 7.9 ஆகிவிட்டது. பிஎச் குறைக்கும் திரவம் ஊற்றினால் சாயங்காலம் வரை இறங்குகிறது, மறுநாள் காலையில் பழையபடி ஏறிவிடுகிறது. இதுவரை நான்கு மீன்கள் செத்துவிட்டன. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாகத்தான் இருக்கிறது. தப்பு எங்கே?

பதில்: அந்த வெள்ளை வரியில். சாம்பல் கல்லில் ஓடும் வெள்ளை வரி குவார்ட்ஸாக இருந்தால் பிஎச் ஏறியிருக்காது. உங்களுக்கு ஏறியிருக்கிறது, அதனால் அது கால்சைட்தான், அதாவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், சலவைக்கல், பவளம், சிப்பி, முட்டை ஓடு எல்லாம் இதே பொருள். வெறும் சுத்தமான தண்ணீரில் இது கரைவது மிகவும் கொஞ்சம். ஆனால் தொட்டித் தண்ணீரில் மீன்கள் விடும் கார்பன் டை ஆக்ஸைடு கலந்து எப்போதும் லேசான அமிலம் இருக்கும், அந்த அமிலம் கல்லை அரிக்கும், அரிபட்ட கல்லிலிருந்து கால்சியமும் பைகார்பனேட்டும் தண்ணீருக்குள் வரும். கால்சியம் வந்தால் ஜிஎச், அதாவது தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், பைகார்பனேட் வந்தால் கேஎச், அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி ஏறும், கேஎச் ஏறினால் பிஎச்சும் பின்னாலேயே ஏறும். காற்றோட்டம் உள்ள தொட்டியில் இந்த ஏற்றம் 8.2, 8.3 வாக்கில் போய் நிற்கும். நீங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறீர்கள்.

இப்போது அந்தத் திரவத்துக்கு வருகிறேன், உங்கள் மீன்களைக் கொன்றதில் கல்லைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். அது ஓர் அமிலம். ஊற்றியதும் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்டை உடைத்து கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றுகிறது, பிஎச் இறங்குகிறது. ராத்திரி முழுக்க அந்த வாயு காற்றில் போய்விடுகிறது, அதோடு கல் இன்னும் கொஞ்சம் கரைந்து செலவான பைகார்பனேட்டை ஈடு செய்துவிடுகிறது, காலையில் பிஎச் பழைய இடத்தில் நிற்கிறது. ஆனால் ஒன்று மட்டும் பழையபடி இல்லை. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கல்லிலிருந்து வந்த கால்சியம் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. ஜிஎச் அளந்து பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும்.

மீன் தன் உடம்புக்குள் இருக்கும் உப்புக்கும் வெளித் தண்ணீரில் இருக்கும் உப்புக்கும் நடுவே செவுள் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும் ஒரு கணக்கை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மெதுவாக மாறினால் பழகிக்கொள்ளும். தினமும் காலையில் ஒரு தண்ணீர், சாயங்காலம் ஒரு தண்ணீர் என்றால் தாங்காது. துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, செவுள் படபடவென்று அடிப்பது, உடம்பில் பால் படர்ந்த மாதிரி வழுவழுப்பு, ஒரு மூலையிலேயே நிற்பது, இதில் ஏதாவது பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, தெளிந்த தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம், இன்னொன்று செவுளைச் சுடுகிற அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம் சொச்சம்தான் அந்த விஷ வடிவம். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். அதாவது அதே கழிவு, அதே ஃபில்டர், அதே தீனி, ஆனால் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. முன்பு மீன் பொறுத்துக்கொண்ட சின்ன அளவு இப்போது கொல்லும் அளவாகிவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? திரவத்தை இன்றே நிறுத்துங்கள். கற்களை இன்றே எடுங்கள். அம்மோனியா, அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் இன்னொரு விஷமான நைட்ரைட், இரண்டையும் அளங்கள், ஏதாவது தென்பட்டால் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றி தீனியையும் பாதியாகக் குறையுங்கள். ஒன்றும் இல்லை என்றால் அவசரமே வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பத்து, பதினைந்து சதவீதம் மாற்றிக்கொண்டே வாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்குத் தானாக வந்துவிடும். ஒரே நாளில் முக்கால்வாசியை மாற்றி 6.8-க்கு இறக்க வேண்டும் என்று ஆசை வரும், தயவுசெய்து செய்யாதீர்கள், மிச்சமிருக்கிற ஆறு மீனும் அந்த மாற்றத்திலேயே போய்விடலாம்.

கேள்வி: கல்லின் மேல் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. தைரியமாகத் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: எத்தனை இடத்தில் விட்டீர்கள்? என்னிடம் ஒரு கல் இருந்தது, உள்ளங்கை அளவு, கறுப்பு. ஒரு பக்கம் வினிகர் விட்டேன், தண்ணீர் மாதிரி வழிந்து போனது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதன்மேல் ஒரு சொட்டு விட்டு முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தேன், கறுப்புப் பகுதி அப்படியே கிடந்தது, கோட்டின் மேல் மட்டும் ஊசி முனை அளவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிளம்பின. கல்லைக் கழுவிக் காயவைத்து, நாலு பக்கமும், முக்கியமாக வெள்ளையாக இருக்கிற இடங்களில், சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள்.

அப்படியும் வினிகர் ஒரு முதல் சோதனைதான். அது பலம் குறைந்த அமிலம். டாலமைட் மாதிரி மெதுவாகக் கரையும் கல்லில் நுரை வந்தது தெரியவே தெரியாது. ஜிப்சம் இன்னும் ஏமாற்றும், அது கால்சியம் சல்பேட், எந்த அமிலத்திலும் நுரைக்காது, ஆனால் லிட்டருக்கு இரண்டு கிராம் வரை கரைந்து ஜிஎச்சை எங்கேயோ கொண்டுபோய்விடும். நகத்தால் கீறினால் கோடு விழுகிற வெள்ளைக் கல்லை வாங்கவே வாங்காதீர்கள்.

நான் நம்புவது வாளிச் சோதனையை. இரண்டு வாளியில் மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள், ஒன்றில் கல், ஒன்று வெறும் தண்ணீர். இரண்டிலும் ஜிஎச், கேஎச் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். கல் வாளியில் ஏறி மற்றதில் ஏறவில்லை என்றால் விஷயம் முடிந்தது. பிஎச்சை மட்டும் நம்பாதீர்கள், உப்பில்லாத தண்ணீரில் அது சின்னக் காரணத்துக்கெல்லாம் ஆடும். கிரானைட், குவார்ட்ஸ், பாசால்ட், எரிமலைக் கல் இவை பொதுவாக இந்தச் சோதனையில் தேறிவிடும். ஸ்லேட்டும் பெரும்பாலும் தேறும், அதில் பொன் நிறப் புள்ளிகள் மின்னாமல் இருந்தால்.

கேள்வி: ஆற்றில் எடுத்த கூழாங்கற்களைக் கொதிக்கவைத்தால் கிருமி போய்விடும்தானே?

பதில்: கொதிக்கவைக்காதீர்கள். கல்லின் உள்வெடிப்பில் தண்ணீர் தங்கியிருந்தால் சூட்டில் ஆவியாகிக் கல் தெறிக்கும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைப்பது அதைவிட மோசம். சோப்பு இல்லாமல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பாத்திரத்தில் வைத்து அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் போதும். பிறகு ஒவ்வொன்றாக மேலே சொன்ன சோதனை. ஆற்றுக் கூழாங்கல் ஒரே இனம் கிடையாது, ஒரு கைப்பிடியில் நாலு வகைக் கல் இருக்கும்.

கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டியிருக்கும் கல் என்றால் கண்டிப்பாகக் கொதிக்கவைக்கக் கூடாது. சில வகைக் கடல் உயிர்களில் பேலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கிறது, கொதிக்கும்போது வரும் ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருக்கிறவர்களே ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்த சம்பவங்கள் உண்டு.

கேள்வி: சுண்ணாம்புக்கல் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் தொட்டியில் மோலி, கப்பி மீன்கள். சலவைக்கல் துண்டுகள் ஒரு வருடமாக இருக்கின்றன, மீன்கள் நன்றாகக் குட்டி போடுகின்றன. எடுத்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் மேடம். உங்கள் மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு கல் நல்லதா கெட்டதா என்பதை அந்தத் தொட்டியில் இருக்கிற மீன்தான் சொல்ல வேண்டும். கார்டினல் டெட்ராவின் சொந்த ஊர் அமேசானின் கிளை நதியான ரியோ நீக்ரோ, அங்கே தண்ணீரில் சுண்ணாம்பே கிடையாது என்று சொல்லலாம், பிஎச் 5-க்குக் கீழேகூட இறங்கும். ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் பிஎச் 9-ஐ ஒட்டி நிற்கும், அங்கிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கு வேண்டுமென்றே சுண்ணாம்புக்கல்லும் பவளத் தூளும் வைக்கிறோம்.

உங்கள் சலவைக்கல் இன்னொரு உபகாரமும் செய்துகொண்டிருக்கிறது. ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறினால், சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கேஎச் செலவாகிறது. தண்ணீர் மாற்றச் சோம்பல்படுகிற வீட்டில், தண்ணீரும் மென்மையாக, அதாவது சுண்ணாம்பு குறைவாக இருந்தால், கேஎச் சத்தமில்லாமல் தீர்ந்து ஒரு நாள் பிஎச் திடீரென்று 6-க்குக் கீழே விழும், அந்தப் பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். உங்கள் தொட்டியில் அது நடக்காது, கேஎச் குறையக் குறையக் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்று: இந்தத் தொட்டிக் குட்டிகளை மென்மையான தண்ணீர் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்தால், கவரோடு கவிழ்த்துவிடாமல், ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக அவர் தண்ணீரைக் கலந்து பழக்கிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பச்சையும் நீலமும் கலந்த அழகான கல் ஒன்று வைத்தேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இறால்கள் ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிட்டன. நத்தைகளும் ஓட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பச்சை, நீலம் என்றால் மாலகைட், அசுரைட் மாதிரி செம்புத் தாதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் தாங்கும் அளவு செம்பை இறாலும் நத்தையும் தாங்காது, மென்மையான தண்ணீரில் அதன் விஷம் இன்னும் கூடும். கல்லை உடனே எடுத்துவிட்டு, நத்தைகளை வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, பாதிப் பாதியாக இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, செம்பு அளக்கும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகே இறால் வாங்குங்கள். பொன் மாதிரி மின்னும் புள்ளிகள், துரு வழிந்த தடம், காந்தம் ஒட்டுவது, இப்படி எது இருந்தாலும் அந்தக் கல் அலமாரியில் அழகாக இருக்கட்டும், தொட்டிக்கு வேண்டாம். சாயம் பூசிய சரளைக்கும் இதே எச்சரிக்கை, வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது.

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் 30 கிலோ கிரானைட் அடுக்கியிருக்கிறேன். அடியில் மணல் கறுத்து, கிளறினால் முட்டை அழுகிய நாற்றம் வருகிறது. இது கல்லால்தானா?

பதில்: கல்லின் குணத்தால் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் விதத்தால். தட்டையான பெரிய கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓட்டம் இல்லை, கழிவு சேருகிறது, ஆக்ஸிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கல்லை ஒரே நாளில் புரட்டிப் போடாதீர்கள், வாரத்துக்கு ஒரு கல்லாக, உறிஞ்சு குழாயை அடியில் வைத்துக்கொண்டே தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். திரும்ப வைக்கும்போது மணலுக்கு மேல் வைக்காமல், கண்ணாடியில் படாதபடி அடியில் ஒரு தெர்மோகோல் தட்டோ பிளாஸ்டிக் வலையோ போட்டு அதன்மேல் கல், பிறகு சுற்றிலும் மணல். மணலின் மேல் நிற்கிற கல்லுக்கடியில் சிக்லிட் மாதிரி மீன்கள் குழி பறித்தால் சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 30 கிலோ கிரானைட் கிட்டத்தட்ட 11 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மணலையும் சேர்த்தால் உங்கள் தொட்டியில் நிஜமாக இருக்கும் தண்ணீர் 80 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அடுத்த முறை மருந்து ஊற்றும்போது 100 லிட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். தொட்டியை நிரப்பும்போது எத்தனை வாளி பிடித்தது என்று எண்ணி, அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.