டிரான்ஸ் இசை எங்கே, எப்படித் தோன்றியது? நம்ம ஊர் சாமியாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கேப் டவுனில் ரைலாண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். கல்யாணம், கோயில் விசேஷம், வெட்டவெளி டான்ஸ் பார்ட்டி எதுவானாலும் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்குக் கொடுப்பதுதான் தொழில். ஊரில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டிப் பழகியது இங்கே சோறு போடுகிறது.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியைக் கோயில் சமையல்கட்டில் ஓர் ஆயா என்னிடம் முன்பே கேட்டுவிட்டார். டர்பனில் பிறந்தவர். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் காவடியில் அருள் வருவதை டிரான்ஸ் என்றுதான் சொல்வார்கள். "சனிக்கிழமை வர முடியாது ஆயா, டிரான்ஸ் பார்ட்டிக்கு ஸ்பீக்கர் கட்டணும்" என்றேன். கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு, "அங்க எந்த சாமி தம்பி வரும்?" என்றார்.

சரி, முதலில் வரலாறு. டிரான்ஸ் என்ற பெயரோடு தனி வகையாக இது உருவானது ஜெர்மனியில், 90களின் தொடக்கத்தில். குறிப்பாக பிராங்க்பர்ட். விமான நிலையத்துக்குள்ளேயே டோரியன் கிரே என்று ஒரு டிஸ்கோ நடந்த ஊர் அது. ஸ்வென் வாத் போன்ற டிஜேக்கள் அங்கிருந்து வந்தவர்கள். டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் இடி அப்படியே இருக்க, அதன் மேல் நீளமான, மெதுவாக விரியும் மெட்டைப் போர்த்தினார்கள். இதற்கு முன்னோடி 70களில் ஜெர்மனியின் டேஞ்சரின் டிரீம் குழு, கிளவுஸ் ஷுல்ட்சே ஆகியோர் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் செய்த இசை. ஒரே சுரக்கோவை பதினைந்து, இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோலண்ட் டிபி-303. கூட வாசிக்க பேஸ் கிட்டார்காரர் இல்லாதவர்களுக்காக 80களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த சின்னப் பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சம்கூட ஒலிக்காது. விற்கவில்லை, 1984 வாக்கில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாகச் சல்லிசாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருகியதில் பிறந்ததுதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை. அந்தப் பெட்டியின் குழையும் ஒலி பிறகு டிரான்ஸுக்குள் வந்தது. முதன்முதலில் அதை நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கு உறுமிதான் நினைவுக்கு வந்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழும் அல்லவா, கிட்டத்தட்ட அதே இழுவை.

இன்னொரு கிளை நம் பக்கத்து கோவாவில். அஞ்சுனா கடற்கரையில் ஹிப்பிகள் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த கூட்டம் 80களில் மின்னணு இசைக்கு மாறியது. பாட்டில் குரல் வரும் இடங்களை வெட்டியெறிந்து, தாளப் பகுதிகளை மட்டும் ஒட்டி விடிய விடிய ஓட்டினார்கள். வெயிலிலும் புழுதியிலும் இசைத்தட்டு வளைந்துவிடும் என்பதால் டேட் (DAT) என்ற டிஜிட்டல் கேசட்தான் புழக்கம். இசைத்தட்டைப் போல அதில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தாளம் பொருத்த வசதியில்லை. அதனால்தான் பழைய கோவா டிரான்ஸ் துண்டுகளின் தொடக்கமும் முடிவும் தாளமில்லாமல் புகைபோல நீளும் என்பார்கள். இந்தக் கூட்டத்தின் பெரிய தலை கோவா கில். சான் பிரான்சிஸ்கோக்காரர், இந்தியாவில் சாதுக்களிடம் தீட்சை வாங்கியவர், 2023இல் காலமானார். ஒரே ஆளாக 24 மணி நேரம் வாசிப்பார். ஆதிகாலச் சடங்கைத்தான் புதுக் கருவிகளில் செய்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். ஆகவே ஆயாவின் கேள்வி தமாஷ் இல்லை.

ஐரோப்பியக் கிளை அப்புறம் ஸ்டேடியத்துக்குப் போனது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டியஸ்டோ என்ற டச்சு டிஜே வாசித்தார். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை, சர்க்கரை தூக்கல். கோவாக் கிளைதான் சைட்ரான்ஸ் (சைக்கடெலிக் டிரான்ஸ்) ஆகி கேப் டவுனில் வேர்விட்டது. ஜூனோ ரியாக்டர் என்ற பிரிட்டிஷ் குழு, 1997இல் வந்த தன் ஆல்பத்தில் கேப் டவுனின் அமாம்பொண்டோ தாளக் குழுவோடு சேர்ந்து ஒரு துண்டு செய்தது. கோடை வந்தால் ஊருக்கு வெளியே பண்ணைகளில், அணைக்கட்டு ஓரங்களில் பார்ட்டி. வேகம் நிமிடத்துக்கு 145 அடி என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 70,000 இடி. ஒவ்வொரு இடிக்கும் என் சப் ஊஃபரின் (அடித்தொனி ஸ்பீக்கரின்) கோன் பலமுறை முன்னும் பின்னும் போய் வரும். என் கவலை எனக்கு.

தொடர்பு உண்டா என்றால், நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான்; கேனை வண்டியிலேயே விட்டுவிட்டேன். சட்டென்று நிசப்தம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கத்துவார்கள் என்று பயந்தேன். யாரும் கத்தவில்லை. தூக்கத்தில் எழுப்பிய குழந்தை மாதிரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். டீசல் ஊற்றி ஏழு நிமிடத்தில் மீண்டும் கிளப்பினோம். ஆனால் அந்த இரவு பழையபடி கூடவே இல்லை.

காவடியில் இப்படி நடக்க விடமாட்டார்கள். உறுமிக்காரர் அருள் வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிப்பார், அவர் கால் போகும் வேகத்துக்குத் தாளம் போகும். முடிக்கும்போது கற்பூரம் காட்டி, விபூதி பூசி, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சாமி மலையேறும், தாளமும் அடங்கும். நல்ல டிஜேவும் கூட்டத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார். இருட்டில் கடுமையாகப் போனது சூரியன் வந்ததும் இளகி, மெட்டோடு வரும். இறக்கிவிடுவதற்கு அவர்களிடம் இருப்பது அந்தக் காலை வெளிச்சம்தான்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சாமி வருகிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டார். "அழுத பொண்ணுக்கு யாரு தண்ணி குடுத்தா?" என்று கேட்டார். நான் ஜெனரேட்டர் பக்கம் இருந்தேன், கவனிக்கவில்லை.