கிணறு இருக்கும்போது வளைவு எதற்கு?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் நடுத்திடலில் பழைய பொதுக் கிணறும் அதைச் சுற்றிக் கல்மேடையும் உள்ளன. திடலைப் புதுப்பிக்க நிதி வந்திருக்கிறது. ஆலோசகர் ஒருவர் நுழைவு வளைவு, சுவரோவியம், ஃபைபர் சிலை என்று வரைபடம் காட்டுகிறார். பாரம்பரியத்தைப் போற்ற இதுதான் வழியா?

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் அந்த வரைபடம் வேறு ஊருக்கும் பொருந்துமா, பாருங்கள். பொருந்தினால், கையிருப்பில் கிடந்ததை உங்கள் தலையில் கட்டுகிறார். சிலை செய்பவரிடமும் டைல்ஸ் கடையிலும் கமிஷன் பேசிவிட்டு வரும் ‘பாரம்பரிய ஆலோசகர்கள்’ இத்துறையில் ஏராளம்.

முதலில் ஒரு வாரம், அந்த மேடையில் யார், எந்நேரம், எதற்காக உட்காருகிறார்கள் என்று குறித்து வையுங்கள். காக்க வேண்டியது எது என்பது அதில் தெரிந்துவிடும். நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980இல் சொன்னது, உட்கார இடம் இருந்தால் மக்கள் உட்காருவார்கள் என்பதே. இதற்கு ஆராய்ச்சியா என்பீர்கள். புதுப்பித்த திடல்களில் முதலில் காணாமல் போவது அந்த இடம்தானே!

‘தற்காலிகமாக’ப் பெயர்த்த கல் திரும்பி வராது. கை வைக்கும் முன்பே ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் படம் எடுங்கள். இணைப்பில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் சிமென்ட் பூச விடாதீர்கள்; அது ஈரத்தை உள்ளே அடைத்து, நாளடைவில் கல்லின் ஓரங்களை உதிரவைக்கும். பாரம்பரிய இடங்களைக் காப்பதற்கு வழிசொல்லும் ஆஸ்திரேலியாவின் பர்ரா சாசனம் (1979), தேவையான அளவு மட்டும் மாற்று, கூடியவரை குறைவாக மாற்று என்கிறது. குறைவாக மாற்றினால் ஒப்பந்ததாரருக்குப் பில் தொகை குறையுமே!

நினைவுப் பலகையும் வேண்டாம். திறந்துவைத்தவர் பெயர்தான் அதில் பெரிதாக இருக்கும். ஒரே விலக்கு, நினைவுகூர வேண்டியவர்கள் அடியோடு இல்லாமல் போன இடம். ஜெர்மன் கலைஞர் குன்டர் டெம்னிக் 1990களில் தொடங்கிய ‘இடறு கற்கள்’ அப்படிப்பட்டவை. நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசலில், பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு, தரையோடு தரையாக. பெயர், பிறந்த ஆண்டு, அவர் கதி என்ன ஆயிற்று, அவ்வளவுதான். படிக்கக் குனிய வேண்டும். லட்சத்துக்கும் மேல் பதித்தாயிற்று. அங்கே காட்ட வேறெதுவும் மிஞ்சவில்லை, அதனால் தகடு பேசுகிறது. உங்களுக்குக் கிணறே இருக்கிறது.

கட்டுவதற்கு நிதி உண்டாம், பெருக்குவதற்குக் கிடையாதாம்; இந்த வேடிக்கை எங்கும் தீர்ந்தபாடில்லை. கிணற்றின் மேல் துருப்பிடித்த கம்பிவலையை யார் மாற்றுவார்கள், மேடையை யார் பெருக்குவார்கள், ஐந்தாண்டுச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை ஒரு கல்லைக்கூடத் தொட விடாதீர்கள்.